பாயை விரித்துப் படுத்துக்கொண்டு சிம்ஃபனி கேட்கலாமா?

கோடை வந்துவிட்டால் சிகாகோ பக்கத்திலிருந்து வரும் கேள்விகள் எல்லாம் ஒரே ஜாடையில் இருக்கும். மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம், மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம், ஏரிக்கரைப் பூங்காவில் பெரிய ஆர்கெஸ்ட்ரா இலவசமாக வாசிக்கிறதாமே, போகலாமா, என்ன எடுத்துப் போக வேண்டும், ஒன்றும் புரியாவிட்டால் என்ன செய்வது. இந்த இதழுக்கு அவற்றை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறேன். சங்கீத விமர்சகன் என்று யாரும் என்னை நினைத்துவிட வேண்டாம். அந்தப் புல்தரையில் சில கோடைகள் உட்கார்ந்து முதுகு வலித்தவன், அவ்வளவுதான் தகுதி.

"ஃப்ரீதான் அம்மா, வாங்க" என்று மகன் கூப்பிடுகிறான். தண்ணீர் பாட்டிலுக்கே காசு வாங்கும் ஊர் இது. உள்ளே போனதும் டிக்கெட், நன்கொடை என்று ஏதாவது கேட்பார்களா?
— ஒரு வாசகி, நேப்பர்வில்

கேட்க மாட்டார்கள். மில்லெனியம் பூங்காவுக்குள் நுழையும்போது பையைத் திறந்து பார்ப்பார்கள், அதோடு சரி. கிராண்ட் பார்க் இசை விழா என்று பெயர், மில்லெனியம் பூங்கா அந்தக் கிராண்ட் பார்க்கின் ஒரு மூலைதான். ஜூன் நடுவில் ஆரம்பித்து ஆகஸ்ட் நடுவரைக்கும் சுமார் 10 வாரம் நடக்கும். வழக்கமாகப் புதன், வெள்ளி மாலை 6:30க்கு, சனிக்கிழமை 7:30க்கு. கிளம்பும் முன் அந்த வாரத்து நிகழ்ச்சி நிரலை மகனை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் லாலபலூசா என்கிற ராக் திருவிழா அதே கிராண்ட் பார்க்கில் நடக்கும் நாட்களில் ஆர்கெஸ்ட்ரா பக்கத்திலிருக்கும் ஹாரிஸ் தியேட்டருக்குள் போய்விடுவதுண்டு. அந்த டிரம்ஸ் சத்தத்தோடு எந்த வயலின் மல்லுக்கட்ட முடியும்?

ஒரே ஒரு சூட்சுமம்: மேடைக்கு எதிரே சுமார் 4,000 நாற்காலி இருக்கிறது, அதில் முன்பக்கம் ஒரு பகுதி பணம் கட்டிய உறுப்பினர்களுக்கு. அங்கே போய் உட்கார்ந்தால் மரியாதையாக எழுப்பிவிடுவார்கள். மீதி நாற்காலிகள் முதலில் வந்தவர்களுக்கு. அதற்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் இன்னும் 7,000 பேர் உட்காரலாம். அங்கே யாரையும் யாரும் எழுப்ப மாட்டார்கள், தூங்கினால்கூட.

சரி, இலவசம் என்றால் யார் தலையில் கட்டுகிறார்கள்? நூறு பேர் வாசிக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் உண்டா? இல்லை, சேவையா?
— ஓய்வுபெற்ற கணக்கர், ஷாம்பர்க்

கணக்கர் கேட்கிற கேள்விதான் இது, ரொம்பச் சரியான கேள்வியும்கூட. சேவை இல்லை ஐயா, சம்பளம் உண்டு. சொல்லப்போனால் சம்பளத்துக்காகத்தான் இந்தக் கச்சேரிகளே பிறந்தன.

1927ல் பேசும் படம் வந்தது. அதற்கு முன்னால் ஊமைப் படம் ஓடும் ஒவ்வொரு பெரிய தியேட்டரிலும் திரைக்குக் கீழே ஒரு வாத்தியக் குழு உட்கார்ந்து வாசிக்கும். படமே பேச ஆரம்பித்ததும் அந்தக் குழுக்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டே வருடத்தில் பங்குச் சந்தை கவிழ்ந்து, ஊரில் மற்றவர்களுக்கும் வேலை இல்லை. சிகாகோ இசைக்கலைஞர்கள் சங்கத்துக்கு அப்போது தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. சின்ன வயதில் டிரம்பெட் ஊதியவர், பிறகு வாத்தியத்தை வைத்துவிட்டுத் தொழிற்சங்கத்தைக் கையில் எடுத்தவர். வேலையில்லாத வித்வான்கள் ஒரு பக்கம், டிக்கெட் வாங்கக் காசில்லாத ஜனங்கள் இன்னொரு பக்கம், நடுவில் ஏரிக்கரையில் சும்மா கிடக்கும் பூங்கா. பூங்கா நிர்வாகத்தோடு பேசி மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். 1935 ஜூலை 1ஆம் தேதி முதல் கச்சேரி. பூங்காவுக்கென்றே சொந்தமாக ஓர் ஆர்கெஸ்ட்ரா 1944ல் வந்தது, பாடகர் குழு 1962ல்.

இதே பெட்ரில்லோ பின்னால் அமெரிக்கா முழுமைக்குமான இசைக்கலைஞர் சங்கத்துக்குத் தலைவராகி, 1942ல் "இனி எங்கள் ஆள் எவனும் இசைத்தட்டுக்கு வாசிக்க மாட்டான்" என்று ஒரு வேலைநிறுத்தம் செய்தார். அது இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. தட்டு சுழன்றால் ஆளுக்கு வேலை போய்விடும் என்பது அவர் கட்சி. பத்திரிகைகள் அவரைக் கரித்துக் கொட்டின. நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. ஆனால் மகனோடு பாய் விரித்து உட்காரும் அம்மாவுக்கு இந்தக் கச்சேரி கிடைத்தது ஒரு பிடிவாதக்காரத் தொழிற்சங்கத் தலைவரால் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

இன்றைக்குச் செலவைச் சிகாகோ நகரம், பூங்கா நிர்வாகம், ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த முன்வரிசை உறுப்பினர்கள் கட்டும் பணமும் நன்கொடைகளும் இந்த மூன்றாவது கணக்கில் வரும். அதனால் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம், உங்கள் டிக்கெட்டையும் சேர்த்து அவர்கள்தான் வாங்கியிருக்கிறார்கள்.

மேடை ஏன் யாரோ கசக்கிப் போட்ட தகரம் மாதிரி இருக்கிறது?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், அரோரா

ஃபிராங்க் கெரி என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணம், 2004ல் திறந்தது. தகரம் இல்லை தம்பி, துருப்பிடிக்காத எஃகு. உயரம் 120 அடி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1836லேயே அந்த ஏரிக்கரை நிலத்தின் வரைபடத்தில், இது பொது இடம், எந்தக் கட்டடமும் தடையும் இல்லாமல் என்றென்றும் திறந்தே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். அதை மீறி அங்கே கட்டப் பார்த்தவர்கள் மேல் மாண்ட்கோமரி வார்டு என்ற வியாபாரி 1890ல் தொடங்கி இருபது வருடம் கோர்ட்டுக்கு அலைந்து வழக்குப் போட்டு ஜெயித்தார். அந்தக் கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு 120 அடிக்கு எப்படி எழுப்புவது? "இது கட்டடமே இல்லை, கலைப்படைப்பு" என்று சொல்லிவிட்டார்கள். ஆக, நீ பார்த்தது ஒரு சிற்பம். கசங்கினாற்போல இருக்க அதற்கு உரிமை உண்டு.

எப்படியும் ஸ்பீக்கர் வழியாகத்தானே கேட்கிறோம், அதற்கு வீட்டிலேயே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்கலாமே? அவ்வளவு தூரம் டிராஃபிக்கில் போய் கொசுக்கடியில் உட்காருவானேன்?
— மென்பொருள்காரர், ஷாம்பர்க்

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. புல்வெளியில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஸ்பீக்கர்தான். ஆனால் அந்த ஸ்பீக்கர் என்ன செய்கிறது என்று கொஞ்சம் கவனித்தால் நீங்களே, தொழில் அப்படி என்பதால், அடுத்த முறை முதல் ஆளாகப் போய் நிற்பீர்கள்.

தலைக்கு மேலே எஃகுக் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாக வலைப்பந்தல் போலப் புல்வெளி முழுவதும் வளைந்து போகும். 600 அடி நீளம், 300 அடி அகலம். ஸ்பீக்கர்கள் அந்தப் பந்தலிலிருந்துதான் தொங்குகின்றன, அதனால் நடுவில் ஒரு கம்பம்கூடக் கண்ணை மறைக்காது. இப்போது சிக்கலுக்கு வருவோம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் நகரும், கம்பியிலோ கிட்டத்தட்ட உடனே போய்விடும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு, தலைக்கு மேலே இருக்கும் ஸ்பீக்கர் முதலில் பாடிவிடும், மேடையின் நிஜச் சத்தம் கால் நொடிக்கு மேல் தாமதமாக வந்து சேரும். ஒவ்வொரு தட்டும் இரண்டு தட்டாகக் கேட்கும், நாராசம். ஆகவே தூரத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு வரிசை ஸ்பீக்கரையும் வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள், மேடையின் சத்தம் காதை எட்டி ஒரு நூலிழை கழித்து ஸ்பீக்கர் சத்தம் வந்து ஒட்டிக்கொள்ளும்படி. எது முதலில் காதில் விழுகிறதோ அந்தத் திசையிலிருந்துதான் எல்லாம் வருகிறது என்று மூளை முடிவு கட்டிவிடும். விளைவு, தலைக்கு மேலே ஸ்பீக்கர் இருக்கிறது, ஆனால் இசை எதிரே மேடையிலிருந்து வருகிறது. இது போதாதென்று பக்கவாட்டில் வேறு ஸ்பீக்கர்கள், மூடிய அரங்கத்தின் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் போலியாகச் செய்து தருகின்றன. சுவரே இல்லாத இடத்தில் சுவர்.

கண்ணை மூடித் திறந்து பாருங்கள். மூடினால் அரங்கம், திறந்தால் ஆகாயம். ஹெட்ஃபோனில் இது வருமா?

கொசுவைப் பற்றி வாதாட மாட்டேன்.

நாற்காலியா, புல்லா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
— தம்பதி, எவன்ஸ்டன்

புல். வயலின்காரரின் முகத்தைப் பார்த்தே தீருவேன் என்றால் நாற்காலி. முழங்கால் வலி என்றாலும் நாற்காலி. (ஒரே வார்த்தைதான் சொல்ல நினைத்தேன்.)

எனக்குக் கர்நாடக சங்கீதம் கொஞ்சம் பழக்கம். சிம்ஃபனி என்றால் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?
— பாட்டு டீச்சர், மகள் வீட்டிலிருந்து, ஸ்கோகி

டீச்சர், நீங்கள் சுருதி சேர்ப்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். கச்சேரிக்கு முன்னால் ஓபோ என்கிற குழல் ஒற்றை ஸ்வரம் ஒன்றை நீளமாகப் பிடிக்கும், மற்ற எல்லோரும் அதில் வந்து சேருவார்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு நீங்கள் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம் நூறு வாத்தியத்தையும் ஒரே காதில் பிடிக்கப் பார்க்காதீர்கள், தலை வலிக்கும். ஒரு வாத்தியத்தை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள், அது ஓய்ந்ததும் யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறது என்று பாருங்கள். ஒரு மெட்டுக் குழலில் பிறக்கும், வயலின் கூட்டம் அதை வாங்கிக்கொள்ளும், பத்து நிமிடம் கழித்து வேறு உடுப்பில் கொம்பு வாத்தியத்தில் திரும்பி வரும். ராக ஆலாபனையில் ஒரு பிடி திரும்பத் திரும்ப வேறு வேறு முகத்தோடு வருகிறதே, அந்தக் காது இங்கேயும் உதவும். ஆனால் ராகத்தைத் தேடாதீர்கள், அது கிடைக்காது, கிடைக்கவில்லையே என்று மனசு அல்லாடும்.

பின்வரிசையில் டிம்பனி வாசிப்பவரைக் கவனியுங்கள், பெரிய செப்புக் கிண்ணங்கள் மாதிரி இருக்கும். மற்றவர்கள் உரக்க வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் குனிந்து, தோலுக்குப் பக்கத்தில் காதை வைத்து, விரலால் மெல்லச் சுண்டி, காலால் மிதித்துச் சுருதியை மாற்றிக்கொண்டிருப்பார். அடுத்த அடி எப்போதோ வரப்போகிறது, அதற்கு இப்போதே. மிருதங்கக்காரர்கள் உங்களுக்குப் புதிதில்லையே, ரசிப்பீர்கள்.

எப்போது கைதட்ட வேண்டும்? போன வாரம் நடுவில் தட்டிவிட்டேன், என் மருமகள் கையைப் பிடித்துவிட்டாள்.
— பெயர் வேண்டாம் என்றவர்

ஒரு சிம்ஃபனிக்கு வழக்கமாக நாலு பகுதி, நாலும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டும் என்பது இன்றைய அரங்க நாகரிகம். மருமகள் சொன்னது சரி. ஆனால் நீங்களும் தப்பில்லை. 1813ல் பீத்தோவனின் ஏழாவது சிம்ஃபனி முதன்முதலில் அரங்கேறியபோது கூட்டம் இரண்டாவது பகுதியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியது. பீத்தோவன் கையை யாரும் பிடிக்கவில்லை. புல்வெளியில் நடுநடுவே தட்டத்தான் செய்கிறார்கள், குழுவுக்கு முன்னால் நின்று கையசைக்கும் நடத்துனர் எவரும் முறைத்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் சந்தேகமாக இருந்தால் நடத்துனரின் கையைப் பாருங்கள். அது முழுசாகக் கீழே இறங்கட்டும்.

வெயில், காற்று, மழை. வாத்தியங்கள் என்ன ஆகும்? மழை வந்தால் நாங்கள் என்ன ஆவோம்?
— வாசகி, ஓக் பார்க்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: நனைவீர்கள். மேடைக்குத்தான் கூரை, நமக்கு அந்த வலைப்பந்தல்தான், அதில் மழையும் நன்றாகவே வரும். தூறலுக்கு நிறுத்த மாட்டார்கள், இடி மின்னல் என்றால் நிறுத்தி எல்லோரையும் வெளியே போகச் சொல்வார்கள். நான் ஒருமுறை மேகத்தைப் பார்த்தும் குடையை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போய், கடைசிப் பகுதி கேட்டே தீருவேன் என்று பாயைத் தலையில் போர்த்தி உட்கார்ந்திருந்தேன். பாய் ஊறி ஊறிக் கனத்ததுதான் மிச்சம், கடைசிப் பகுதியை ரத்து செய்துவிட்டார்கள்.

குளிர்தான் நம்மவர்கள் எதிர்பார்க்காதது. அந்த ஊர் வானிலை அறிக்கையில் "ஏரிக்கரையில் இன்னும் குளிர்" என்ற வரி அடிக்கடி வரும். மிச்சிகன் ஏரித் தண்ணீர் ஜூனில்கூடச் சில்லென்று இருக்கும், அதன் மேலிருந்து காற்று திரும்பியது என்றால் நேப்பர்வில்லில் வியர்த்துக் கிளம்பியவர் கரையில் பல்லைக் கடிப்பார். ஒரு சால்வை கட்டாயம். புல்வெளியில் உட்கார்ந்தால் ஏரி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை முதுகு சொல்லிவிடும். ஏரியைப் பார்க்க வேண்டுமானால் பூங்காவிலிருந்து கிழக்கே பாம்பு போல வளைந்து போகும் நடைபாலத்தில் ஏறுங்கள். அதுவும் கெரியின் வேலைதான். கீழே ஓடும் சாலையின் இரைச்சலைக் கொஞ்சம் மறைக்கவும் அது பயன்படுகிறது.

இப்போது வாத்தியங்களுக்கு வருவோம். சூடு ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் கூடும், ஒரு செல்சியஸ் டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர். ஊதுகிற வாத்தியங்களின் சுருதி அதோடு மேலே ஏறும். தந்தியோ சூட்டில் தளர்ந்து கீழே இறங்கும். ஒரே மேடையில் பாதி பேர் மேலே போக, பாதி பேர் கீழே போக, அவர்கள் ஒருவரையொருவர் காதால் துரத்திப் பிடித்துக்கொண்டே வாசிக்கிறார்கள். நமக்கு அது தெரியவே தெரியாது. பழைய மரவாத்தியங்கள் நேர் வெயிலில் வெடித்துவிடும் என்று பலர் தங்கள் விலையுயர்ந்த வயலினை வீட்டில் வைத்துவிட்டு இரண்டாவது வயலினைத்தான் திறந்தவெளிக்கு எடுத்து வருவார்கள்.

காற்றுக்கு மருந்து என்ன தெரியுமா? துணி காயப்போடும் கிளிப். நோட்ஸ் வைக்கும் ஸ்டாண்டில் பக்கத்துக்கு இரண்டாக மாட்டிவிடுவார்கள். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில்தான் கூத்து. ஒருநாள் செல்லோ வரிசையில் ஒருவர் வலது கையால் வில்லை இழுத்துக்கொண்டே இருக்க, பக்கத்து ஆள் சட்டென்று எட்டிக் கிளிப்பைக் கழற்றி, வாயில் கவ்விக்கொண்டு, தாளைத் திருப்பி, மறுபடி மாட்டிவிட்டுத் தன் வில்லை எடுத்தார். மூன்றே நொடி. அன்று என்ன வாசித்தார்கள் என்பதே மறந்துவிட்டது, அந்த வாயில் கவ்விய கிளிப் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆம்புலன்ஸ் சைரன், ஹெலிகாப்டர். மெல்லிய இடத்தில் வந்து எல்லாவற்றையும் கெடுக்கிறது. கோபம் வராதா உங்களுக்கு?
— வாசகர், டவுனர்ஸ் குரோவ்

வரும். துவோர்ஷாக் என்ற செக் இசையமைப்பாளரின் "புதிய உலகம்" சிம்ஃபனியில் இரண்டாவது பகுதி, இங்கிலீஷ் ஹார்ன் என்கிற குழல் தனியாக ஒரு மெட்டு ஊதும், ஊரைவிட்டு வந்தவன் எவனுக்கும் தொண்டை அடைக்கும். சரியாக அங்கே மிச்சிகன் அவென்யூவில் சைரன் கிளம்பியது. முதலில் எரிச்சல்தான். ஆனால் ஊதியவர் ஒரு இம்மி அசையவில்லை, சைரன் தூரத்தில் தேய்ந்து போனது, மெட்டு அப்படியே இருந்தது. துவோர்ஷாக் அந்த சிம்ஃபனியை எழுதிய 1893லேயே, அதே ஏரிக்கரையில் தெற்கே நடந்த உலகக் கண்காட்சிக்கு வந்து தன் எட்டாவது சிம்ஃபனியை நடத்திக் காட்டியிருக்கிறார். அங்கேயும் கூட்டமும் சந்தடியும் குறைவாக இருந்திருக்காது. நகரத்தின் நடுவில் கூரையில்லாமல் கேட்டால் நகரமும் சேர்ந்துதான் வாசிக்கும். எனக்கு அது பழகிவிட்டது. சிப்ஸ் பாக்கெட் சத்தம் மட்டும் இன்னும் பழகவில்லை.

மூன்று வயதுப் பேத்தியைக் கூட்டிப் போகலாமா?
— தாத்தா, ஆர்லிங்டன் ஹைட்ஸ்

தாராளமாக. புல்வெளியின் பின்கோடியில் இடம் பிடியுங்கள், அங்கே ஓடியாடும் பிள்ளைகள் கூட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். முதல் பாதி முடிந்ததும் கிளம்பிவிடலாம், டிக்கெட் காசு போச்சே என்ற கவலை இல்லை பாருங்கள். வீட்டுச் சாப்பாடும் கொண்டுபோகலாம், எல்லோரும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

திறந்தவெளி என்றாலே ஏன் பீரங்கி, பட்டாசு என்று சத்தமாகவே வாசிக்கிறார்கள்?
— வாசகர், ஜோலியட்

அதெல்லாம் மற்ற ஊர்களில் அதிகம். பீரங்கி முழங்கும் சாய்கோவ்ஸ்கியின் 1812 ஓவர்ச்சரைக் கேட்காமல் அமெரிக்கக் கோடை கழியாது என்பது உண்மைதான். ஆனால் கிராண்ட் பார்க்கில் அதிகம் அறியப்படாத உருப்படிகளையும் துணிந்து வாசிக்கிறார்கள். 2000லிருந்து 2024 வரை நடத்திய கார்லோஸ் கால்மாருக்கு அதில் பெரிய பங்கு. 2025லிருந்து ஜியான்கார்லோ கெர்ரெரோ நடத்துகிறார். வாங்கிய டிக்கெட் இல்லாததால் கூட்டமும் தெரியாததைக் கேட்க உட்காருகிறது, பிடிக்காவிட்டால் எழுந்து போகிறது. வெளியே வாசிப்பதென்றால் சத்தமாக வாசி என்பது ரொம்பப் பழைய பழக்கம். 1749ல் லண்டனில் வாணவேடிக்கைக்கு ஹாண்டெல் இசையமைத்தபோது, ராஜாவுக்கு வயலினே வேண்டாமாம், போர்க்கள வாத்தியங்கள்தான் வேண்டுமாம். கடைசியில் வாணவேடிக்கைக்காகக் கட்டிய மண்டபத்தின் ஒரு பகுதியே தீப்பிடித்து எரிந்தது.

எனக்கு இரவு ரயிலில் தனியாகத் திரும்பப் பயம். மாலைக் கச்சேரிக்கு வரவே முடியாது. வேறு வழி உண்டா?
— வாசகி, ஹோம்வுட்

உண்டு, அதுவும் என் கணக்கில் கச்சேரியைவிட ஒரு படி மேல். ஒத்திகை! பகல் வேளையில் அதே மேடையில் நடக்கும், யார் வேண்டுமானாலும் போய் நாற்காலியில் உட்காரலாம், முன்வரிசைக் கெடுபிடியும் இல்லை. உங்கள் ஊர் ரயில் பூங்காவுக்குப் பக்கத்திலேயே நிலத்துக்கு அடியில் வந்து நிற்கிறது, அந்தப் பூங்காவே ரயில் பாதைக்கும் கார் நிறுத்தத்துக்கும் மேல் போட்ட மொட்டைமாடித் தோட்டம்தான். படியேறி வந்தால் ஐந்து நிமிட நடை.

மாலையில் கோட்டு சூட்டில் வருகிற வாத்தியக்காரர்கள் பகலில் அரைக்கால் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார்கள். நடத்துனர் ஒரு சின்னத் துண்டு வாசிக்கவிட்டு நிறுத்துவார், ஏதோ சொல்வார், மறுபடி அதே துண்டு, மறுபடி நிறுத்தம். ஆறாவது தடவையில் உங்களுக்கே வித்தியாசம் கேட்க ஆரம்பிக்கும். டிராம்போன்காரர்களுக்கு அரைமணி நேரம் வேலையே இருக்காது. போன கோடையில் ஒருவர் மடியில் செய்தித்தாளை விரித்து வைத்துக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முறை வந்ததும் நிமிராமலே வாத்தியத்தை எடுத்தார், இரண்டு ஸ்வரம் ஊதினார், கீழே வைத்தார், பென்சிலைத் தேடினார்.